அழுத்தத்தில் திரவத்தை அளந்த வரலாறு

ஔவையார் பெயரால் வழங்கும் மூதுரையில், ஆழ்கடலுக்குள் செலுத்தி மொண்டாலும் சிறிய அளவுபாத்திரம் தன் கொள்ளளவுக்குமேல் நீர் கொள்ளாது என்னும் பொருளுடைய வெண்பா ஒன்று உண்டு. தமிழகத்தை விட்டு வெகு தொலைவில் குடியேறி வாழும் நேயர்களும், பள்ளிப் பருவத்தில் மனனம் செய்த அப்பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஊழின் வலிமையை உணர்த்துவதற்காக எழுந்த உவமை அது. பௌதிகம் கற்பிக்க எழுந்ததன்று. ஆயினும், ஒரு படி நீர் எவ்விடத்திலும் ஒரு படி நீர்தானா என்று விஞ்ஞானியை வினவினால், அவர் தலையசைத்து மறுப்பார். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் கடல்நீர் ஏறத்தாழ 400 காற்றுமண்டல அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அங்கே மொள்ளப்படும் படியில், மேற்பரப்பில் அடங்குவதைக் காட்டிலும் நூற்றுக்கு ஒன்றேமுக்கால் பங்கு அளவுக்கு அதிக எடையுள்ள நீர் அடங்கும். படி மட்டும் சுருங்காமல் இருக்க வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை.

அந்த நிபந்தனையில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. திரவத்தை அமுக்கும் அழுத்தம், திரவம் இருக்கும் பாத்திரத்தையும் விட்டுவைப்பதில்லை. மாறுகின்ற பொருளை மாறுகின்ற அளவுகோலால் அளப்பது எவ்வாறு? முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் இக்கேள்வியோடு போராடி வந்திருக்கின்றனர். திரவத்தின் நிறை அழுத்தத்தால் மாறாது. ஆகவே அதன் கனஅளவு எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால், அடர்த்தி எவ்வளவு கூடிற்று என்பதும் தானே விளங்கிவிடும். சொல்லுவதற்கு எளியதாகிய இக்கணக்கு, செய்முறையில் எத்துணைக் கடினமானது என்பதைப் பார்ப்போம்.

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் 1657 முதல் 1667 வரை விளங்கிய சிமென்டோ என்னும் பரிசோதனைக் கழகத்தார், மெல்லிய வெள்ளிக் கோளம் ஒன்றை வார்த்து, குளிர்ந்த நீரால் நிரப்பி, திருகாணியால் இறுக மூடிச் சுத்தியலால் தட்டினர். ஒரே பரப்புள்ள வடிவங்களுள் கோளமே மிகுதியான கொள்ளளவு உடையது; அதை நசுக்கினால் உள்ளிடம் குறைந்தே தீரவேண்டும். நீர் சுருங்குமாயின் உள்ளேயே அடங்கியிருக்கும். சுருங்காதாயின் வேறு வழி தேடும். அடி விழ விழ, நீர் வெள்ளியின் நுண்துளைகள் வழியே வியர்வை போலக் கசிந்து வெளிப்பட்டது. இதற்கு முன்னரே இங்கிலாந்தில் பிரான்சிஸ் பேக்கன் ஈயக் கோளத்தைக் கொண்டு இத்தகைய சோதனை ஒன்றைச் செய்திருந்தார். நீர் அமுங்காத பொருள் என்று பின்வந்தோர் பலர் நம்பியதற்கு இச்சோதனைகள் பெருங்காரணமாயின. பாத்திரம் கசிந்ததேயன்றி நீரின் இயல்பு அங்கே அளக்கப்படவில்லை என்பதை அக்காலத்தில் எண்ணிப் பார்த்தோர் சிலரே.

அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் ஜான் கான்டன் என்னும் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். நெசவாளி ஒருவரின் மைந்தராகப் பிறந்து, லண்டனில் சிறுவர்க்குப் பாடம் கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சியும் நடத்தியவர் இவர். ஒரு கண்ணாடிக் குமிழும், அதனோடு இணைந்த மயிரிழை போன்ற துளையுடைய குழாயுமே அவருடைய கருவி. குமிழின் பருமனோடு ஒப்பிடக் குழாயின் துளை மிக நுண்ணியது; ஆதலால் குமிழிலுள்ள நீர் அணுவளவு விரிந்தாலும், குழாயில் அது கண்ணுக்குத் தெரியுமளவு ஏறும். கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய நீரை அதில் நிரப்பி, கருவி முழுவதையும் காற்றுறிஞ்சி யந்திரத்தின் கலத்தினுள் வைத்தார். காற்றை வெளியேற்றியபோது நீர் குழாயில் ஏறிற்று; காற்றை அழுத்திச் செலுத்தியபோது இறங்கிற்று. 1762-ல் வெளிவந்த இம்முடிவைத் தொடர்ந்து, 1764-ல் பல திரவங்களுக்கும் அளவு கூறினார். ஒரு காற்றுமண்டல அழுத்தத்திற்குப் பத்து லட்சத்தில் சாராயம் 66 பங்கும், ஒலிவ எண்ணெய் 48 பங்கும், மழைநீர் 46 பங்கும், கடல்நீர் 40 பங்கும், பாதரசம் 3 பங்கும் சுருங்கும் என்பது அவர் கணக்கு. ராயல் சொசைட்டி அவ்வாண்டில் காப்ளி பதக்கம் வழங்கி அவரைப் பெருமைப்படுத்தியது.

இந்த 46 பங்கு எவ்வளவு சிறியது என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயிரம் லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியில் அது 46 மில்லிலிட்டர். நம் பழைய ஆழாக்கில் காற்பங்குக்குச் சற்று மிகுதி. இன்றைய நுண்கருவிகள் தரும் அளவும், அறையின் சாதாரண வெப்பநிலையில், ஏறத்தாழ 46 பங்கேயாகும். அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. மற்றத் திரவங்கள் வெப்பம் ஏறினால் எளிதில் அமுங்குகின்றன. நீரோ குளிர்காலத்தில்தான் எளிதில் அமுங்குகிறது என்றும் கான்டன் எழுதினார். நம்பத்தகாததாகத் தோன்றிய அச்செய்தி மெய்யே என்று பிற்காலத்தார் உறுதி செய்தனர். ஏறத்தாழ 46 பாகை சென்டிகிரேடு வரை, வெப்பம் ஏற ஏற நீர் அமுங்கும் தன்மை குறைந்துகொண்டே போகிறது. ஒரு பள்ளி ஆசிரியரின் கண்ணும் பொறுமையும் இத்துணை நுட்பமாக இருந்தன.

அடுத்து எழுந்தது பாத்திரத்தின் சிக்கல். குமிழின் உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் இருப்பின், கண்ணாடிச் சுவர் எந்தப் பக்கமும் வளையாது. ஆகவே கொள்ளளவும் மாறாது என்றே முதலில் எவருக்கும் தோன்றும். டென்மார்க் நாட்டின் எர்ஸ்டெட் 1822-ல் அமைத்த கருவியும் உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமன் செய்யும் முறையைக் கொண்டதே. ஆனால் இந்தச் சமன்பாடு மட்டும் போதாது. உள்ளிடம் முழுவதும் கண்ணாடியாலேயே நிரம்பிய திண்ணிய உருண்டை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். வெளியிலிருந்து அழுத்தினால் அது எங்கும் ஒரே விகிதத்தில் சுருங்கும். இப்போது உள்ளிருக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே அழுத்தத்தைத் தரும் நீரை அங்கே வைப்போம். வெளி ஓட்டுக்கு இம்மாற்றம் தெரியவே தெரியாது. முன் சுருங்கியவாறே இப்போதும் சுருங்கும். ஆகவே உள்ளிடமும் திண்ணிய கண்ணாடி சுருங்குமளவு சுருங்கும். கண்ணால் காணும் மாற்றம் நீரின் சுருக்கத்திலிருந்து கண்ணாடியின் சுருக்கத்தைக் கழித்த மிச்சமே. கண்ணாடியின் பங்கு பத்து லட்சத்தில் இரண்டு, மூன்றுதான். ஆயினும், அதை அறியாமல் நீரின் உண்மையளவை அறிய இயலாது. கலைப்பட்டம் பெற்று மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் நமக்கே இத்தருக்கம் விளங்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி தனியானது.

பாத்திரமே இல்லாமல் அளக்க வழியுண்டா? உண்டு என்று காட்டினர் கொலாடோன், ஸ்டூர்ம் என்னும் இளைஞர் இருவர். திரவம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக ஒலி அதனூடே செல்லும்; ஒலியின் வேகமும் அடர்த்தியும் தெரிந்தால் அமுங்கும் தன்மையைக் கணித்துவிடலாம். 1826-ல் ஜினீவா ஏரியின் ஒரு புறத்தில் நீருக்கடியில் மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தப்பட்டு ஒளி எழுந்தது. பதின்மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் படகில் இருந்தவர், ஒளியைக் கண்டதும் கடிகாரத்தைத் தொடக்கி, நீரில் ஆழ்த்திய ஊதுகுழாயில் காதை வைத்து மணியோசைக்குக் காத்திருந்தார். ஒன்பதரை நொடிக்குச் சற்று முன்பாக ஓசை கேட்டது. நொடிக்கு 1435 மீட்டர் என்று வேகம் கணிக்கப்பட்டது. ஓர் ஏரியையே ஆய்வுக்கூடமாக்கிய இம்முறை இன்றும் மறையவில்லை. உயர்ந்த அழுத்தத்தில் திரவத்தினூடே ஒலி செல்லும் வேகத்தை அளந்து, அதிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்டு எடுப்பது இக்காலத்து ஆய்வுக்கூடங்களில் போற்றப்படும் வழிகளுள் ஒன்று.

ஆராய்ச்சி கடலுக்குச் சென்றது எவ்வாறு என்பதும் சுவையான கதை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சாலஞ்சர் என்னும் பிரிட்டிஷ் கப்பல், ஆழ்கடலின் வெப்பத்தை அறிய வெப்பமானிகளை இறக்கிற்று. ஆழத்தின் அழுத்தம் கண்ணாடிக் குமிழை நெருக்கி, உள்ளதைவிட மிகுதியான வெப்பத்தைக் காட்டச் செய்யுமே, அந்தப் பிழை எவ்வளவு என்று கண்டுரைக்கும் பணி எடின்பரோ பேராசிரியர் டேட்டிடம் வந்தது. முன்னர்க் கணித்திருந்த பிழை மிகையானது என்று அவர் கண்டார். அதோடு நில்லாமல், நன்னீரும் கடல்நீரும் அழுத்தத்தில் சுருங்கும் வகையையே ஆராய்ந்து 1888-ல் அறிக்கை வெளியிட்டார். அழுத்தம் ஏற ஏறத் திரவம் மேலும் அமுங்க மறுக்கிறது என்பதைக் கூறும் சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. சற்றே உருமாறி, டேட் சமன்பாடு என்ற பெயரோடு இன்றும் அது பொறியியலாளர் கையில் வழங்குகிறது. கடல்நீர் சிறிதும் அமுங்காத பொருளாக இருந்திருப்பின், கடல்மட்டம் இப்போதுள்ளதற்கு நூறு அடிக்கு மேல் உயர்ந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். மெரீனாவும் ஜுஹுவும் நமக்கு வாய்த்திருப்பது, பத்து லட்சத்தில் நாற்பது பங்கு என்ற அந்தச் சிறு எண்ணின் கருணையால் எனலாம்.

கனஅளவை அளப்பது ஒரு பாதி. அழுத்தத்தை அளப்பது மறுபாதி. ஒரு காற்றுமண்டல அழுத்தத்தை 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசம் தாங்கும். 400 காற்றுமண்டலத்தை அளக்க 300 மீட்டருக்கு மேற்பட்ட பாதரசத் தம்பம் வேண்டும். அத்தகைய உயரத்திற்கு எங்கே போவது? பிரெஞ்சு அறிஞர் அமகா, 1870-களின் இறுதியில் சேன்ட்-எத்தியேன் நகரையடுத்த ஒரு சுரங்கத்திற்குள் 327 மீட்டர் ஆழம் வரை எஃகுக் குழாயை இறக்கிப் பாதரசத்தை நிரப்பினார். 1891-ல் கயேட்டே என்பவர் ஈபில் கோபுரத்தின் மீதே 300 மீட்டர்த் தம்பத்தை ஏற்றி வைத்தார். பின்னர் அமகா, பரப்பில் பெரிதும் சிறிதுமான இரு உந்துதண்டுகளை இணைத்து, சிறியதன்மேல் விழும் பேரழுத்தத்தைப் பெரியதன் அடியிலுள்ள சில மீட்டர்ப் பாதரசமே தாங்கும்படி செய்து, 3000 காற்றுமண்டலம் வரை முன்னேறினார்.

அந்த அழுத்தத்தைத் தாங்க எஃகுக் கலமே வேண்டும். எஃகினூடே கண் பார்க்காது. அமகா கையாண்ட உபாயம் இது. திரவம் நிறைந்த கண்ணாடிக் குமிழைத் தலைகீழாகப் பாதரசத்தில் நிறுத்தினார். குமிழின் தண்டில் இடையிடையே பிளாட்டினக் கம்பிகள் உருக்கிப் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள கொள்ளளவு முன்னரே நிறுத்து அறியப்பட்டிருந்தது. அழுத்தம் ஏறத் திரவம் சுருங்கும்; பாதரசம் தண்டில் ஏறி ஒவ்வொரு கம்பியாகத் தொடும்; தொட்ட கணத்தில் மின்சாரம் பாய்ந்து வெளியே ஊசி அசையும். கண்ணால் காண முடியாததை மின்சாரம் அறிவித்தது. நீரோடு ஈதர், ஆல்ககால்கள், அசிடோன் முதலிய கரிமத் திரவங்களையும் அவர் இவ்வாறு அளந்து, 1893-ல் விரிவான அட்டவணைகளை வெளியிட்டார்.

அதற்கு மேலும் சென்றவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜ்மன். 1905-ல் தொடங்கிய அவருடைய பணிக்கு அடிப்படை ஒரு சிறிய அடைப்பு. அதுவரை எல்லா யந்திரங்களும் ஓரளவு அழுத்தத்தில் கசியத் தொடங்கும்; பிரிட்ஜ்மனின் அடைப்போ, உள்ளழுத்தம் ஏற ஏற அதனினும் மிகுந்த இறுக்கத்தோடு பொருந்தும்படி அமைக்கப்பட்டது. ஆகவே இனிக் கசிவு எல்லையன்று. எஃகின் வலிமையே எல்லை. 1913-ல் பன்னிரண்டு திரவங்களைச் சதுர சென்டிமீட்டருக்கு 12,000 கிலோகிராம் வரை அழுத்தி அளந்த முடிவுகளை அவர் வெளியிட்டார். அந்த அழுத்தத்தில் திரவங்கள் தம் பருமனில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கை இழந்துவிடுகின்றன. தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டு அமுங்கும் திரவங்கள், இறுதியில் ஏறத்தாழ ஒரே வகையாக நடந்துகொள்கின்றன. மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வெற்றிடம் முதலில் நெருங்கிப் போகிறது. பின்னர் மூலக்கூறுகளையே அமுக்க வேண்டியிருக்கிறது. 1930-களில் மடிப்பு மடிப்பான மெல்லிய உலோகத் துருத்தியில் திரவத்தை அடைத்து, துருத்தி குறுகும் நீளத்தைக் கொண்டு கனஅளவை அளக்கும் முறையையும் அவர் கையாண்டார். 1946-ல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

இதுவரை கூறியவை பெரும்பாலும் தனித் திரவங்களைப் பற்றியவை. கலவைக்கு வரும்போது கதை வேறாகிறது. 50 மில்லிலிட்டர் நீரோடு 50 மில்லிலிட்டர் தூய ஆல்ககாலைக் கலந்தால் 100 கிடைப்பதில்லை; 96-க்கும் 97-க்கும் இடைப்பட்ட அளவே கிடைக்கிறது. ஒன்றும் சிந்தவில்லை, ஆவியாகவும் இல்லை. இருவகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று நெருங்கி அமர்ந்துகொண்டன. பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் கலந்தாலோ மாறாகச் சற்று விரிவே உண்டாகிறது. இவ்விஷயத்தில் விஞ்ஞானிக்கு முன்பே அக்கறை கொண்டவர் வரித் தண்டலாளர். சாராயத்தின் அடர்த்தியை வைத்து வரி விதிப்பதற்காகவே இங்கிலாந்தில் பிளாக்டன், கில்பின் ஆகியோர் 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர்–ஆல்ககால் அட்டவணைகளை வகுத்தனர். 1865-ல் மெண்டலீவ் தம் டாக்டர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருளும் இக்கலவையே. ரஷ்ய மதுவுக்கு நாற்பது விழுக்காடு என்று அளவு விதித்தவர் அவரே என்பது அவ்வூரார் கட்டிய கதை. ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை.

கலவையை அழுத்தினால் என்ன நேரும்? கலந்தபோது விரிந்த திரவங்களாயின், அழுத்தம் அந்த விரிவை எதிர்க்கும். அக்கலவையைப் பிரிக்கும் பக்கமாகவே அது செயற்படும். கலந்தபோது சுருங்கியவையாயின், அழுத்தம் அவற்றின் சேர்க்கைக்குத் துணைசெய்யும். ஆகவே பல்வேறு அழுத்தங்களில் கலவையின் கனஅளவை அளப்பது, எந்த விகிதத்தில் எவை சேர்ந்திருக்கும், எவை பிரிந்துவிடும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு வழியாகிறது. வாஷிங்டன் நகரின் புவிபௌதிக ஆய்வுக்கூடத்தில் கிப்சனும் லோப்லரும் 1930-களின் இறுதியில் கரிமத் திரவங்களையும் கரைசல்களையும் இவ்வகையில் ஆராய்ந்தனர்.

எண்ணெய்க் கிணறுகளில் இது பொருளாதாரக் கேள்வியாயிற்று. கச்சா எண்ணெய் பல கரிமத் திரவங்களின் கலவை. நிலத்தடியில் பல நூறு காற்றுமண்டல அழுத்தத்தில், எரிவாயுவும் அதில் கரைந்திருக்கும். மேலே கொணர்ந்து அழுத்தத்தைத் தளர்த்தியதும் வாயு பிரிந்து ஓடுகிறது. எஞ்சிய எண்ணெயின் அளவு குறைகிறது. அடியில் இருந்த ஒரு பீப்பாய் மேலே ஒரு பீப்பாயாக வந்து சேர்வதில்லை. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் சேஜ், லேசி ஆகியோர் 1930-களில் ஹைட்ரோகார்பன் கலவைகளை அழுத்தத்தில் அளந்து இக்கணக்கிற்கு அடித்தளமிட்டனர். 1889-ல் அசாமின் டிக்பாயிலும், 1960-ல் குஜராத்தின் அங்கலேசுவரிலும், 1974-ல் மும்பைக் கடலிலும் எண்ணெய் வெளிப்பட்ட நம் நாட்டில், நிலத்தடி இருப்பை மதிப்பிட இந்த அளவு இல்லாமல் முடியாது. அப்பகுதிகளில் வாழும் நேயர்கள் பெட்ரோல் நிலையங்களில் அடர்த்தி எழுதி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அது 15 பாகை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் உள்ள அளவு. அதே டீசல், இக்காலத்து எஞ்சினின் ஊசித்துளைக்கு முன்னே 2000 காற்றுமண்டலம் வரை அழுத்தப்பட்டு நிற்கும்போது, நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை சுருங்கியிருக்கும். எவ்வளவு எரிபொருள் பாய்ந்தது என்று கணக்கிடுவோர் இதை மறந்தால் கணக்குத் தவறும்.

பாதரசமும் பிளாட்டினக் கம்பியும் இப்போது பெரும்பாலும் விடைபெற்றுவிட்டன. 1960-களின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் கிராட்கி, லியோபோல்ட், ஸ்டாபிங்கர் ஆகிய மூவர் புதியதொரு கருவியை அமைத்தனர். யு வடிவமுள்ள சிறு குழாயில் திரவத்தை நிரப்பி, வீணைத் தந்தியை மீட்டுவதுபோல் அதிரச் செய்வதே அதன் தத்துவம். உள்ளிருக்கும் திரவம் கனமாயின் அதிர்வு மெதுவாகும், இலேசாயின் விரைவாகும். ஓர் அதிர்வுக்கு ஆகும் காலத்தின் வர்க்கம், திரவத்தின் அடர்த்தியோடு நேராகத் தொடர்புடையது. காலத்தை மின்னணுக் கருவியால் மிக நுட்பமாக அளக்கலாம். ஆகவே அடர்த்தியும் நுட்பமாகக் கிடைக்கிறது. சில மில்லிலிட்டர்த் திரவம் போதும். உலோகக் குழாய் கொண்டு செய்த கருவிகள், பல நூறு காற்றுமண்டல அழுத்தத்திலும் கனசென்டிமீட்டருக்கு ஒரு கிராமில் பதினாயிரத்தில் ஒரு பங்கு வரை வேறுபாடு காட்டவல்லவை.

இங்கும் பழைய சிக்கல் விட்டபாடில்லை. அழுத்தம் ஏறும்போது குழாயின் சுவர் விரிகிறது, விறைப்பும் மாறுகிறது, வெறுங்குழாயின் அதிர்வே மாறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வெப்பநிலையிலும், முதலில் குழாயை வெற்றிடமாக்கி அதிரச் செய்கின்றனர்; பின்னர் அடர்த்தி ஐயமறத் தெரிந்த ஒரு திரவத்தை நிரப்பி, ஒவ்வோர் அழுத்தத்திலும் அதிர்வைக் குறித்துக்கொள்கின்றனர். அவ்வாறு தெரிந்த திரவம் பெரும்பாலும் நீரே. கான்டன் தம் குமிழில் அளந்த அதே நீரின் அட்டவணை இன்று மற்றத் திரவங்களுக்கெல்லாம் உரைகல்லாக நிற்கிறது. நீரைப் போன்று நடந்துகொள்ளாத இலேசான எண்ணெய்களுக்கும், கூழ்போல் கெட்டியான திரவங்களுக்கும் இந்த உரைகல் முற்றும் பொருந்துவதில்லை; அதிர்வைத் திரவத்தின் பிசுக்கு சற்றுத் தடுப்பதால் வரும் பிழையைத் தனியே திருத்த வேண்டியிருக்கிறது.

நூறு திரவங்களை எடுத்துக்கொண்டால், இரண்டிரண்டாகக் கலக்க 4,950 வகையுண்டு. மும்மூன்றாகக் கலப்பின் 1,61,700 வகை. ஒவ்வொன்றையும் பல விகிதங்களில், பல வெப்பநிலைகளில், பல அழுத்தங்களில் அளக்க வேண்டும். டீசலோ நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. ஆகையால், சில எளிய கலவைகளை மிக நுட்பமாக அளந்து, அவற்றிலிருந்து மற்றவற்றைக் கணித்துரைக்கும் சமன்பாடுகளை வகுப்பதிலேயே இத்துறையினர் இப்போது ஈடுபட்டிருக்கின்றனர்.